டக் டக்: உத்தரத்துக்குள்ள இருந்து வந்த சத்தம்

இந்த எபிசோடு ஒரு சத்தத்தைப் பத்தினது. ரொம்பச் சின்ன சத்தம். நகத்தால மேஜையை ஆறேழு தடவை வேகமா தட்டினா எப்படி இருக்குமோ, அப்படி. டக் டக் டக் டக். அப்புறம் அமைதி. கொஞ்ச நேரம் கழிச்சு வேற எங்கிருந்தோ, பதில் சொல்ற மாதிரி, இன்னொரு டக் டக் டக்.

இங்கிலாந்தில் பழைய வீடுகளில் இந்தச் சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் நடுங்கியிருக்கிறார்கள். பகலில் கேட்காது. வீடே அடங்கின பிறகு, ராத்திரியில், யாராவது சாகக் கிடக்கிறப்போ பக்கத்துல கண் விழிச்சு உட்கார்ந்திருப்பாங்க இல்லையா, அவங்க காதுலதான் விழும். அதனால அதுக்கு வெச்ச பேரு டெத்வாட்ச். இங்க வாட்ச்னா கடிகாரம் இல்லை, சாவுக்குக் காவல் இருக்கிறது. வீட்டுல ஒரு உயிர் போகப்போகுதுன்னு அந்தச் சத்தம் சொல்லுதாம். நம்ம ஊர்ல பல்லி சொன்னா பலன் பார்க்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க. நம்ம பல்லியாவது நல்லதும் சொல்லும், கெட்டதும் சொல்லும். அது சாவை மட்டும்தான் சொல்லிச்சு.

உண்மையில் அது ஒரு வண்டு. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. வசந்த காலத்துல மரத்துக்குள்ள இருந்துக்கிட்டு, தலையை மரத்துல முட்டி முட்டி ஜோடியைக் கூப்பிடுது. சாவுச் செய்தின்னு நினைச்சு ஜனங்க பயந்தது ஒரு காதல் தூதைக் கேட்டு. ஆனா அவங்க பயந்ததுலயும் ஒரு நியாயம் இருந்தது. அந்தச் சத்தம் கேட்குதுன்னா வீட்டோட உத்தரம் உள்ளுக்குள்ள உளுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். உயிர் போகப்போறது மனுஷனுக்கு இல்லை, வீட்டுக்கு.

சரி, இப்போ லண்டனுக்குப் போவோம். 2022-ல் இரண்டாம் எலிசபெத் ராணி இறந்தப்போ, உடலை ஒரு பெரிய மண்டபத்துல வெச்சிருந்தாங்க, ஜனங்க மணிக்கணக்கா வரிசையில நின்னு பார்த்துட்டுப் போனாங்க, டிவியில பார்த்திருப்பீங்க. அதுதான் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். 1097-ல் கட்ட ஆரம்பிச்சது. நம்ம ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடிச்சு ஒரு நூறு வருஷம்கூட ஆகாத காலம். சுவர் அந்தக் காலத்தது. மேலே இருக்கிற மரக்கூரை அதுக்கு முந்நூறு வருஷம் பிந்தினது. 1393-ல் இரண்டாம் ரிச்சர்ட் அரசர் உத்தரவு போட்டு, ஹ்யூ ஹெர்லண்ட் என்கிற தச்சர் செய்தது. அறுபத்தெட்டு அடி அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. 600 டன்னுக்கு மேல் ஓக் மரம். சர்ரேயில் ஃபார்ன்ஹாம் பக்கம் மரத்தை இழைச்சு, பொருத்திப் பார்த்து, பிரிச்சு, வண்டியிலயும் தேம்ஸ் ஆத்துல படகுலயும் கொண்டுவந்து மாட்டினார்கள்.

அந்தக் கூரைக்குக் கீழேதான் தாமஸ் மோரை விசாரித்தார்கள். முதலாம் சார்லஸ் அரசருக்கு மரண தண்டனை விதித்தார்கள். நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஆள் ஒருத்தரும் உண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸ். கவர்னர் ஜெனரல் ஆகறதுக்கு முன்னாடி நம்ம மெட்ராஸ் கவுன்சில்ல வேலை பார்த்தவர். இந்தியாவில் செய்த அநியாயங்களுக்காக அவர் மேல் 1788-ல் அந்த மண்டபத்தில் விசாரணை ஆரம்பித்தது. எட்மண்ட் பர்க் நாள் கணக்கா பேசினார். 1795-ல் தீர்ப்பு: நிரபராதி. ஏழு வருஷம். கீழே கம்பெனி ஆட்சி ஒரு தேசத்தை எப்படி உள்ளுக்குள்ளயே தின்னுச்சுன்னு பேசிக்கிட்டு இருந்தப்போ, மேலே இன்னொரு கூட்டம் சத்தமில்லாம அதே வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கும். கொஞ்சம் சினிமாத்தனமா இருக்கு, தெரியும். ஆனா அந்தக் காட்சியை என்னால மனசுல இருந்து எடுக்க முடியலை.

1834-ல் நாடாளுமன்றக் கட்டடம் பெரும்பாலும் எரிஞ்சு போச்சு. ஹால் தப்பிச்சது. நெருப்புக்கே தப்பிச்ச கூரைன்னு எல்லாருக்கும் ஒரு தைரியம். கீழே இருந்து பார்த்தா கருகருன்னு, கம்பீரமா, ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும்.

1913-ல் அரசாங்கத்தோட கட்டடத் துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பெயின்ஸ் என்கிற கட்டடக் கலைஞர் அந்தக் கூரையை ஆராய ஆரம்பித்தார். (பின்னாளில் தேம்ஸ் ஹவுஸைக் கட்டினவரும் இவர்தான். இன்னைக்கு எம்.ஐ.5 உளவுத்துறை உட்கார்ந்திருக்கிற கட்டடம்.) அவர் செஞ்ச காரியம் எளிமையானது. கீழே இருந்து பார்க்காம, பக்கத்துல போய்ப் பார்த்தார். பெரிய பெரிய உத்தரங்கள். வெளியே ஓடு மாதிரி கெட்டியான மேல்பரப்பு, அதில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டைகள். உள்ளே பொந்து. பாரத்தைத் தாங்க வேண்டிய இடங்களில், மரம் மரத்தோடு சேர்கிற மூட்டுகளில், தாங்குறதுக்கு மரமே இல்லை. வெறும் தூள்.

இங்க கொஞ்சம் நிறுத்தி, அந்த வண்டோட கணக்கைச் சொல்லிடறேன். ஏன்னா முழுக் கதையும் அதுலதான் இருக்கு. நாம பார்க்கிற வண்டு சில வாரம்தான் உயிரோட இருக்கும். மரத்தைத் தின்னறது அது இல்லை, அதோட புழு. அது மரத்துக்குள்ள வருஷக்கணக்கா இருக்கும், சில சமயம் பத்து வருஷத்துக்கும் மேல. வெளியே ஒரு ஓட்டை தெரியுதுன்னா, அது பூச்சி உள்ளே போன வழி இல்லை. தின்னு முடிச்சு வெளியே வந்த வழி. நீங்க பார்க்கிற அடையாளம் எப்பவுமே பழைய செய்தி.

இன்னொண்ணு. அந்தப் புழுவுக்குக் காஞ்ச ஓக் மரம் பிடிக்காது. ஈரம் பட்டு, பூஞ்சை பிடிச்சு, கொஞ்சம் மெத்துன்னு ஆன மரம்தான் வேணும். அப்போ யார் குற்றவாளி? வண்டா? வண்டு ரெண்டாவதா வந்த ஆளு. முதல்ல வந்தது தண்ணி. எங்கேயோ கூரையில் ஒரு ஒழுகல், யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் மழை இறங்கி மரத்தை நனைச்சு, காத்தே படாம நனைஞ்ச மரம் நனைஞ்சபடியே இருந்து. வண்டு அதுக்கப்புறம் விருந்துக்கு வந்தது.

பெயின்ஸ் எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசா செஞ்சுடலாம்னு அவர் போகலை. முடிஞ்ச வரைக்கும் பழைய மரத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, அதுக்குள்ளயும் அதுக்குப் பின்னாடியும் கண்ணுக்குத் தெரியாத எஃகுச் சட்டங்களை வெச்சார். 1914-ல் ஆரம்பித்த வேலை, நடுவில் ஒரு உலகப்போர், முடிஞ்சது 1923-ல். இன்னைக்கு நீங்க போய் அண்ணாந்து பார்த்தா ஹெர்லண்டோட ஓக் மரம்தான் தெரியும். பாரத்தை வாங்குறதுல பெரும் பங்கு எஃகுக்கு.

சட்டம் வெச்சாச்சு. உள்ளே இருக்கிற புழுவை என்ன பண்றது? அதுக்காக இம்பீரியல் காலேஜ் பூச்சியியல் பேராசிரியர் ஒருத்தரைக் கூப்பிட்டார்கள். ஹெரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய். இவர் அதுக்கு முன்னாடி வேலை பார்த்த இடங்கள்ல ஒண்ணு எது தெரியுமா? இந்தியா. 1903-ல் அரசாங்கத்தோட பூச்சியியல் நிபுணரா வந்து, பீகார்ல பூசா என்கிற ஊரில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். இந்தியப் பூச்சிகளைப் பத்தி 1906-ல் ஒண்ணு, 1909-ல் ஒண்ணுன்னு ரெண்டு பெரிய புத்தகம் போட்டார். அந்த பூசா கட்டடமே 1934 பீகார் நிலநடுக்கத்தில் சேதமாகி, நிலையத்தை டெல்லிக்கு மாத்தினார்கள். டெல்லியில இருக்கிறவங்க இன்னைக்கும் அந்த ஏரியாவை பூசான்னுதான் சொல்றாங்க. அந்தப் பேரு பீகார்ல இருந்து வந்தது.

லெஃப்ராய் மரத்துக்கு அடிக்கிற மருந்து ஒண்ணைத் தயார் பண்ணினார். வேலை செஞ்சது. உடனே தங்கள் வீட்டு மரத்துக்கும் வேணும்னு ஜனங்க கேட்டு எழுத ஆரம்பிச்சாங்க. 1924-ல் அவரும் அவரோட உதவியாளர் எலிசபெத் ஈட்ஸும் சேர்ந்து லண்டனில் அதைச் சின்னச் சின்ன புட்டியில் அடைச்சு வித்தாங்க. முதல்ல வெச்ச பேரு என்டோகில். அந்தப் பேரைப் பதிவு பண்ண முடியலை, அதனால முன்னாடி ஒரு எழுத்தைச் சேர்த்தாங்க. ரென்டோகில். ஆமாம், இன்னைக்கு உலகம் பூரா பூச்சி ஒழிப்பு வேலை செய்யற அதே கம்பெனி.

லெஃப்ராய் அதைப் பார்க்கலை. 1925 அக்டோபரில், ஈயைக் கொல்றதுக்கான விஷவாயுவைத் தன் ஆய்வகத்தில் சோதிச்சுக்கிட்டு இருந்தப்போ, அந்த வாயுவே அவரைத் தாக்கிச்சு. சில நாளில் இறந்தார். வயசு 48. கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப்போன மனுஷன் கண்ணுக்குத் தெரியாத ஒண்ணால போனார். கம்பெனியைத் தொடர்ந்து நடத்தினது எலிசபெத் ஈட்ஸ். 1920-களில் ஒரு பொண்ணு பூச்சிமருந்துக் கம்பெனி நடத்துறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அவங்களைப் பத்தித் தனி எபிசோடே பண்ணலாம்.

பூச்சியே இல்லாமலும் ஒரு வீடு உள்ளுக்குள்ள காலியாகும். அதுக்கு அமெரிக்கா போகணும், ஆனா சீக்கிரம் திரும்பிடலாம்.

1945-ல் ஹாரி ட்ரூமன் வெள்ளை மாளிகைக்குக் குடி வந்தார். தரை கிரீச்சிடும். விருந்து நடக்கிறப்போ சரவிளக்கு தானா ஆடும். பேய் இருக்குன்னு அவரே கிண்டலா எழுதினார். 1948-ல் அவர் மகள் மார்கரெட்டோட பியானோ கால் ஒண்ணு தரையை உடைச்சுக்கிட்டு இறங்கிடுச்சு. கீழ்த்தளத்தில் கூரைப் பூச்சு உதிர்ந்தது. இன்ஜினியர்கள் வந்து பார்த்தா, கட்டடம் பழக்க தோஷத்துலதான் நிக்குதுன்னு சொல்ற நிலைமை.

எப்படி ஆச்சு? 1814-ல் ஆங்கிலேயர்கள் கொளுத்தின வீடு. திரும்பக் கட்டினப்போ மரச்சட்டம். அப்புறம் தண்ணிக் குழாய் வந்தது, கேஸ் வந்தது, கரன்ட் வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்த ஆள் தன் குழாய்க்கு வழி வேணும்னு உத்தரத்துல ஒரு வெட்டு போட்டுட்டுப் போனார். தனித்தனியா பார்த்தா எல்லாம் சின்ன வெட்டு. 1902-ல் பெரிய ஹால் வேணும்னு கீழே சுவரை எடுத்தார்கள். 1927-ல் அதே வீட்டுத் தலையில் எஃகும் கான்க்ரீட்டுமா ஒரு மூணாவது மாடியை ஏத்தினார்கள். உள்சுவர்களுக்குக் கீழே அஸ்திவாரம்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை, களிமண். 1948 நவம்பரில் ட்ரூமன் குடும்பம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பிளேர் ஹவுஸுக்குப் போனது. வெளிச்சுவரை மட்டும் விட்டுட்டு உள்ளே எல்லாத்தையும் எடுத்தார்கள். உள்ளே மண் தோண்ட புல்டோசர் வேணும், ஆனா அதுக்காகச் சுவரை உடைக்கக்கூடாதுன்னுட்டார் ட்ரூமன். புல்டோசரைப் பார்ட் பார்ட்டா கழட்டி உள்ளே கொண்டுபோய் மாட்டினார்கள். திரும்பக் குடி வந்தது 1952 மார்ச்சில்.

இப்போ நம்ம வீட்டுக்கு வரலாம்.

நான் இந்த எபிசோடுக்கு இறங்கினதுக்குக் காரணம் எங்க அக்கா. சென்னையில் பத்தொன்பது வருஷப் பழைய ஃபிளாட் ஒண்ணைப் பார்த்து வெச்சிருந்தா. கடற்கரையில் இருந்து நடந்து போற தூரம். லோன் இருபது வருஷம். கூட வாடான்னு கூப்பிட்டா, போனேன். வீடு நல்லாத்தான் இருந்தது. ஆனா ஹால்ல மூணு சுவர் பழைய பெயிண்ட், ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்ட். பட்டி பார்த்து, பளபளன்னு. அந்தச் சுவருக்குப் பின்னாடி பாத்ரூம். எங்ககூட வந்த மேஸ்திரி ஒண்ணும் பேசலை. கையில இருந்த சாவிக்கொத்தோட அடிப்பக்கத்தால சுவரைத் தட்டிக்கிட்டே போனார். டங், டங், டங். ஒரு இடத்துல சத்தம் மாறிச்சு. டொப்பு. அந்த டொப்பு சத்தத்தை நீங்க ஒருதடவை கேட்டா மறக்க மாட்டீங்க. பூச்சு சுவரை விட்டுக் கழண்டு நிக்குது, நடுவுல காத்து. அப்புறம் மேலே பீமைக் காட்டினார். மெல்லிசா ஒரு கோடு, பீமோட நீளவாக்கில, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி. ஓரத்துல லேசா பழுப்புக் கறை.

அந்தக் கோடுதான் நம்ம ஊர் டெத்வாட்ச்னு நான் நினைக்கிறேன். கான்க்ரீட்டுக்குள்ள இருக்கிற கம்பி சாதாரணமா துருப்பிடிக்காது, ஏன்னா சிமென்ட்டோட காரத்தன்மை அதைக் காப்பாத்துது. வருஷம் போகப் போகக் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடல் பக்கம்னா உப்பும் சேர்ந்துக்கும். கம்பி துருப்பிடிச்சா, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லை. அதனால கான்க்ரீட்டைத் தள்ளும். வெடிப்பு கம்பி போற வழியிலேயே ஓடும். பெயிண்ட்ல வர மயிரிழை விரிசல் தாறுமாறா, சிலந்தி வலை மாதிரி போகும், அதுக்கு அவ்வளவா பயப்பட வேண்டாம். நேர்க்கோட்டுல போறதும், ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஏறுறதும், பழுப்பா கறை விடறதும்தான் கவனிக்க வேண்டியது.

பழைய வீடுன்னா கதை வேற. சென்னையில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கு. தேக்கு உத்தரங்களை வரிசையா போட்டு, அதுமேல சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில சாய்வா அடுக்கின கூரை. அண்ணாந்து பார்த்தா அழகு. ஆனா உத்தரத்தோட நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீங்க. அது காத்தாட இருக்கு, நல்லாத்தான் இருக்கும். சுவருக்குள்ள புதைஞ்சிருக்கிற ரெண்டு முனையைப் பாருங்க. சுவர்ல ஓதம் ஏறினா முதல்ல அங்கதான் மரம் சாகும். வெஸ்ட்மின்ஸ்டர்லயும் அதே கதைதானே, மூட்டுலதான்.

அப்புறம் கரையான். நம்ம ஊர் வில்லன். வெள்ளைக்காரங்க இதை வெள்ளை எறும்புன்னாங்க. எறும்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, கரப்பான்பூச்சிதான் இதுக்குச் சொந்தக்காரன். கரையானைப் பத்தி அறிவியல் முறையில் எழுதின ஆரம்பகாலக் கட்டுரைகளில் ஒண்ணு நம்ம ஊர்ல இருந்து போனது. தரங்கம்பாடிக்கு 1768-ல் வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸோட மாணவர், வைத்தியர். அவர் இங்கே பார்த்ததை வெச்சு ஜெர்மன் மொழியில் 1779-ல் வெளியிட்டார். நம்ம ஆட்களுக்கு அது புதுச் செய்தியா இருந்திருக்காது. ஏடு வெச்சிருந்த வீட்டுக்கெல்லாம் செல்லரிக்கிறதுன்னா என்னன்னு நல்லாத் தெரியும். உ.வே.சா. ஊர் ஊரா ஏடு தேடி அலைஞ்சப்போ அவரோட போட்டி போட்ட முக்கியமான எதிரி இதுதான். பல இடத்துல அது அவருக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருந்தது.

கரையானுக்கும் வருஷத்துல ஒருநாள் வெளியே வந்தாகணும். மழை பெஞ்ச சாயங்காலம் ட்யூப் லைட்டைச் சுத்திப் பறக்குமே ஈசல், அது றெக்கை முளைச்ச கரையான்தான், தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வெளியே தோட்டத்துல இருந்து ஜன்னல் வழியா வந்தா கவலை இல்லை. ஆனா ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, காலையில பாத்தா வாசக்கால் ஓரத்துல குவியலா றெக்கை கிடக்குதுன்னா, அது உங்க வீட்டுக்குள்ள இருந்தே கிளம்பின ஈசல். புத்து உள்ளே இருக்கு. சுவர்ல பென்சில் தடிமன்ல மண் குழாய் ஏறுதான்னு பாருங்க, குறிப்பா மாட்டி வெச்ச படத்துக்குப் பின்னாடி, கப்போர்டு முதுகுல, ஸ்விட்ச் பாக்ஸ் பக்கத்துல. மரத்துக்குக் கீழே கசகசா மாதிரி மணிமணியா கொட்டியிருந்தா அது மரத்துக்குள்ளயே குடியிருக்கிற வேற வகைக் கரையான். மாவு மாதிரி நைசா இருந்தா வண்டு.

அக்கா ஃபிளாட்டுக்கு வரேன். விற்கிறவர்கிட்ட நேரா கேட்டோம், இந்தச் சுவர்ல ஓதம் இருந்ததான்னு. போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சோம், அவ்வளவுதான்னார். இதுக்கு ஒரு சட்டம் இருக்கு, அதுவும் பழசு. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. சொத்துல முக்கியமான குறை ஒண்ணு இருந்து, அது விற்கிறவருக்குத் தெரிஞ்சு, வாங்குறவர் சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததா இருந்தா, விற்கிறவர் சொல்லியே ஆகணும். சுவருக்குள்ள இருக்கிறதைப் பத்தி நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க. புது ஃபிளாட்டுன்னா 2016-ல் வந்த ரெரா சட்டம் இருக்கு. சாவி கைக்கு வந்த அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டமைப்புல குறை தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் முப்பது நாளுக்குள்ள காசு வாங்காம சரிபண்ணித் தரணும். அஞ்சு வருஷம். அந்தக் கணக்கை வண்டோட கணக்கு பக்கத்துல வெச்சுப் பாருங்க. கம்பிக்கும் அவசரம் இல்லை.

மேஸ்திரி சொன்னபடி அக்கா ஒரு பென்சிலை எடுத்து, அந்த பீம் வெடிப்போட ரெண்டு முனையிலயும் ஒரு கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதினா. விற்கிறவர் பார்த்துக்கிட்டே நின்னார், தடுக்கலை. மழைக்காலம் முடிஞ்சு வந்து பார்க்கிறோம், கோட்டைத் தாண்டலைன்னா பேசலாம்னு சொல்லிட்டு வந்துட்டோம். ஐப்பசி போய் இப்போ கார்த்திகை நடக்குது. இன்னும் போய்ப் பார்க்கலை. வீடு இன்னும் விக்கலைன்னு மட்டும் தெரியும்.